இசக்கிமுத்து அண்ணாச்சியின் ஐந்தாவது கூடை

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு என் போனில் 'கிரில் அண்ணாச்சி' என்ற பெயர் வந்தது. மூன்று ஆண்டுகளாக அந்த எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்ததில்லை. செம்பூரில் எங்கள் காப்பீட்டு அலுவலகத்தில், ஒரு லாரி விபத்தின் கோப்பை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தேன். எடுத்துப் பேசினால், அந்தப் பக்கம் ஒரு பெண் குரல்.

"மேடம், நான் பேச்சியம்மா பேசுதேன், அவுக வீட்டுல. காலையில பட்டறையில சாயா குடிச்சிக்கிட்டு இருந்தவுக அப்படியே சாஞ்சிட்டாக. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிட்டு. போன்ல இருக்க பேருக்கெல்லாம் மவ போட்டுத் தாரா, நான் சொல்லிக்கிட்டு வாரேன். உங்க பேரு 'மாப்பு மேடம்'னு இருக்கு. நீங்கதான?"

நான்தான் என்று சொன்னேன். மாலை மூன்று மணிக்கு எடுக்கிறார்கள் என்றார். வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு, லாரிக் கோப்பில் பாதியில் நின்ற பத்தியை எழுதி முடித்தேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இருபத்தாறு ஆண்டுகளாக விபத்து அறிக்கைகளைப் படித்துக்கொண்டிருப்பவளுக்குச் செய்தி முதலில் கையில்தான் வந்து சேருகிறது, மனத்துக்குப் பிறகுதான்.

இசக்கிமுத்து அண்ணாச்சி தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய சந்தில் இரும்பு கிரில் பட்டறை வைத்திருந்தார். அந்தப் பகுதியில் பாதி ஜன்னல்களுக்கு அவர் செய்த கம்பிதான். நம் ஞாயிற்றுக்கிழமைக் குழுவுக்கு அவர் கூடை அண்ணாச்சி. நான் எழுதுவது முக்கியமாக நம் குழுவினருக்கு. ஆனாலும் அவருடைய சொந்தக்காரர் யாராவது படித்தால், 'இவர் காட்டுக்குப் போய் என்னதான் செய்தார்' என்று விழிக்கக் கூடாது. அதனால் விளையாட்டைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

சாப்பாட்டுத் தட்டளவு பிளாஸ்டிக் தட்டு ஒன்றை ஓரிடத்தில் நின்று எறிய வேண்டும். தொலைவில் ஒரு கம்பத்தில் இரும்புக் கூடை இருக்கும், அதற்கு மேலே சங்கிலிகள் தொங்கும். தட்டு சங்கிலியில் பட்டுக் கூடைக்குள் விழ வேண்டும். விழும்வரை, தட்டு கிடக்கும் இடத்துக்கு நடந்து போய் அங்கிருந்து மறுபடி எறிய வேண்டும். குறைந்த எறிதலில் முடிப்பவர் வென்றவர். சான்பாடாவில் இருக்கும் வெங்கடேஷ் வேலைக்காக அமெரிக்கா போனபோது இதைக் கற்றுக்கொண்டு வந்தார். கர்ஜத்துக்கு அப்பால் மலையடிவாரத்தில் ஒரு நண்பருடைய நிலத்தில் ஒன்பது கூடைகள் வைத்துக் களம் அமைக்கலாம் என்றார். அமெரிக்காவிலிருந்து கூடைகளை வரவழைத்தால் கட்டுப்படியாகாது என்பதால், படத்தைக் காட்டி இங்கேயே செய்ய ஆள் தேடினோம். என் அலுவலகக் கட்டடத்துக்கு ஜன்னல் கம்பி போட்டவர் என்ற பழக்கத்தில் நான் அண்ணாச்சியிடம் அழைத்துப் போனேன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோழிக்கூட்டத் தலகீழா மாட்டுன மாதிரி இருக்கு. சலேகா, ஆவட்டும், செஞ்சிருவோம்" என்றார்.

கம்பங்களைச் சிமெண்ட் போட்டு நடுவதற்கும் அவரே வந்தார். நிலம் முழுவதும் மரமும் பாறையும் மேடும் பள்ளமும். எறியும் இடத்தில் நின்றால் ஒன்பதில் ஆறு கூடைகள் கண்ணுக்கே தெரியாது. அதனால் வரைபடம் இல்லாமல் ஆட முடியாது. அந்த வேலை என்னுடையது. போன் செயலி ஒன்றில், வானத்திலிருந்து எடுத்த படத்தின்மேல் ஒன்பது புள்ளிகள் வைத்து, கோடுகள் இழுத்து, நிறம் கொடுத்து அழகாகச் செய்திருந்தேன். முதல் ஞாயிறு பதினான்கு பேர் போய் நின்றோம். போனைத் திறந்தால் வட்டம் சுற்றுகிறது. மலை மறைக்கும் அந்தப் பள்ளத்தில் சிக்னல் ஒரு கோடுகூடக் கிடையாது. பதினான்கு பேரும் போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வட்டமாக நடந்தோம். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி எழுந்து வந்து என் போனை எட்டிப் பார்த்தார்.

"மேடம், சக்கரம் சுத்துது. மாப்பு எங்க?"

மேப் அவர் வாயில் மாப்புதான். பிறகு சட்டைப் பையிலிருந்து, கழுவிக் காயவைத்த பால் பாக்கெட்டுக்குள் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்தார். குழி தோண்டுவதற்காக அவர் தனக்கென்று வரைந்து வைத்திருந்தது. வானத்திலிருந்து பார்க்கும் படம் இல்லை. ஒவ்வொரு எறியும் இடத்திலும் நின்றால் எதிரே என்ன தெரியுமோ அதை வரைந்திருந்தார். 'கறுப்புப் பாறை. அதுக்கு வலது கைப்பக்கம் ரெட்டை மரம். ரெட்டை மரத்துக்கு நடுவுல எறி. தொண்ணூத்தாறு காலடி.' அன்று அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு பதினான்கு பேரும் வரிசையாக ஆடி முடித்தோம். காலடி மட்டும் கொஞ்சம் இடித்தது. அண்ணாச்சி குள்ளம், வெங்கடேஷ் ஆறடி. வெங்கடேஷ் தன் காலடியில் தொண்ணூற்றாறு எண்ணி நடந்து கூடையைத் தாண்டிப் போய் முள்ளுக்குள் நின்றார். அடுத்த தாளின் மேல்பக்கத்தில் அண்ணாச்சி கொட்டை எழுத்தில் 'எல்லாம் என் காலடி' என்று எழுதிக்கொண்டு வந்தார்.

இதைக் கேட்டுவிட்டு அவர் போனை ஒதுக்கும் பழைய ஆள் என்று யாரும் நினைக்க வேண்டாம். தாளைப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பச் சொன்னதே அவர்தான். தாள் கிழியும், நனையும், ஒருவர் கையில்தான் இருக்கும், போன் எல்லார் கையிலும் இருக்கிறது என்பது அவர் வாதம். ஆனால் அனுப்பிய படத்தைத் திறந்து இறக்கிக்கொள்ளாமல் வந்துவிட்டு மேலே களத்தில் நின்று தவிப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அதற்கு ஒரு வழக்கம் ஏற்படுத்தினார். ஷேர் ஆட்டோ நம்மை இறக்கிவிடும் டீக்கடைதான் சிக்னல் கிடைக்கும் கடைசி இடம். அங்கே எல்லோரையும் வரிசையாக நிறுத்துவார்.

"ஏரோப்ளேன் போடுங்க. போட்டாச்சா? இப்ப மாப்பத் தொறங்க. தொறந்தாத்தான் மேல கூட்டிட்டுப் போவேன்."

ஃபிளைட் மோடில் யாருடைய போனில் படம் திறக்கவில்லையோ அவர் அங்கேயே நின்று மறுபடி இறக்கிக்கொள்ள வேண்டும். கல்லூரிப் பேராசிரியர் ஒருவரை இரண்டு டீ குடிக்கும் நேரம் நிறுத்திவைத்தார். நாங்கள் சிரிப்போம். ஆனால் அதன்பிறகு யாரும் மேலே போய்ப் போனை வானத்துக்குத் தூக்கவில்லை.

இனி நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்குத் தெரியும்.

மூன்று மழைக்காலத்துக்கு முன்பு ஓடைக்கரை அரித்து ஐந்தாவது கூடை சாய்ந்துவிட்டது. ஒரு புதன்கிழமை அண்ணாச்சி பட்டறையைப் பூட்டிவிட்டுப் போய், அதைக் கரையிலிருந்து பிடுங்கி மேட்டில் நட்டார். மேட்டில் இருந்த ஆறாவது எறியும் இடத்தை அதற்காகச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டியதாயிற்று. இதில் ஒரு ஆபத்து இருந்தது. ஐந்தாவது கூடை முன்பு நின்ற ஓடைக்கரைக்கு நேர் மேலேதான் இனி ஆறாவது தட்டு பறக்கும். பழைய படத்தைப் பார்த்து யாராவது கூடையைத் தேடி ஓடைக்கு இறங்கினால், ஆறாவதில் எறிபவருக்கு அவர் தெரிய மாட்டார். மழைக்காலத்தில் அங்கே புதர் ஆள் உயரம்.

அண்ணாச்சி இதைப் புதுத் தாளில் வரைந்து, சிவப்பு மையில் 'ஓடைப் பக்கம் யாரும் இறங்கக் கூடாது. ஆறாவது தட்டு இங்கதான் பறக்கும்' என்று எழுதினார். தாளை வியாழக்கிழமை செம்பூரில் என் அலுவலகத்துக்கே கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். "பழசு எல்லாத்தையும் அழிக்கச் சொல்லுங்க மேடம்" என்றார். செய்துவிடுகிறேன் என்று கைப்பையில் வைத்தேன்.

நான் படம் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வேலை அதிகம். சனிக்கிழமை மாலை குர்லாவில் ரயில் மாறும் கூட்டத்தில் வெங்கடேஷ் செய்தி அனுப்பினார், மேப் அனுப்புங்கள், புதிதாக இரண்டு பேர் வருகிறார்கள் என்று. பைக்குள் கைவிட இடமில்லை. போனில் இருந்த பழைய படத்தை அனுப்பினேன். ஒரு கூடைதானே, நேரில் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அது மறதி அல்ல. நன்றாகத் தெரிந்தே அனுப்பினேன்.

ஞாயிறு அண்ணாச்சி முதல் ரயிலில் போய்விட்டார், எறியும் இடங்களுக்குப் பெயிண்ட் அடிக்க. டீக்கடையில் அவர் இல்லாததால் சோதனையை நான் நடத்தினேன். ஏரோப்ளேன் போடச் சொன்னேன். எல்லோர் போனிலும் படம் பளிச்சென்று திறந்தது. பழைய படம். சொல்ல வாயெடுத்தபோது மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் கலைந்து குழுக் குழுவாக மேலே ஓடியது. நான் கடைசிக் குழுவில் இருந்தேன். ஐந்தாவதை எட்டுவதற்கு முன்னால் சொன்னால் போதும் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

விக்ரோலியில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ரேவதி இரண்டாவது குழுவில் போனார். படத்தில் இருந்தபடி ஓடைப் பக்கம் எறிந்தார், கூடையைக் காணாமல் கரையில் இறங்கித் தேடினார். முதல் குழுவில் போன வெங்கடேஷ், மேட்டில் நின்ற அண்ணாச்சிக்குப் பக்கத்தில் கூடையைக் கண்டு ஐந்தாவதை முடித்து, அப்போது ஆறாவதில் நின்றார். பக்கத்தில் நின்று கை நீட்டித் திசை காட்டியவர் அண்ணாச்சி. வெங்கடேஷ் எறிந்த தட்டு புதரைத் தாண்டி ரேவதியின் இடது கண்ணில் விழுந்தது. நாங்கள் ஓடிப்போனபோது அவர் தண்ணீரில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார். போன் செய்ய வழியில்லை. பெயிண்ட் கொண்டு வந்த சாக்கைக் கம்பில் கட்டி, அண்ணாச்சியும் இன்னும் மூன்று பேரும் டீக்கடை வரை தூக்கி வந்தார்கள்.

மருத்துவமனை வராந்தாவில் வெங்கடேஷ் உட்காராமல் நடந்துகொண்டிருந்தார். எறிந்த கை அவருடையது. யார்மீதாவது கோபப்பட வேண்டிய நிலையில் இருந்தார்.

"அண்ணாச்சி, கூடையை மாத்திருக்கீங்க. புது மேப் யாருக்கும் வரலை. நீங்க குடுக்கவே இல்லையா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். ஒரு நர்ஸ் எங்களைத் தாண்டிப் போய், மருந்து எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். அதுவரை பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தாள் என் தோளில் தொங்கிய பைக்குள் இருந்தது.

"எறியதுக்கு முன்னால நான் ஒரு சத்தம் குடுத்திருக்கணும். குடுக்கல. என் தப்புதான்" என்றார் அண்ணாச்சி.

தாளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பொய்யும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் புரிந்துகொண்டது, அவர் வரைபடம் கொடுக்காமல் இருந்துவிட்டார் என்று. இன்றுவரை நீங்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ரேவதிக்கு இடது கண்ணில் பெரும்பாலும் பார்வை போயிற்று. அது திரும்பவில்லை. அடுத்த தடவை கம்பங்களை வேறு பட்டறையில் செய்தோம். அண்ணாச்சியை யாரும் வராதே என்று சொல்லவில்லை, ரயில் நேரத்தை மட்டும் அவருக்குச் சொல்லாமல் விட்டோம். வரைபடப் பொறுப்பு முழுவதும் என்னிடம் வந்தது. படத்தின் மூலையில் தேதி போட்டு, டீக்கடையில் ஒவ்வொருவரும் அதை உரக்கப் படிக்க வேண்டும் என்று நான் விதி கொண்டுவந்தேன். ஆண்டுக் கூட்டத்தில் அதற்காக எனக்குக் கை தட்டினீர்கள். நான் நன்றி சொல்லி உட்கார்ந்தேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு மத்தியானம் தாராவிக்குப் போனேன். பட்டறையில் கம்பி வெட்டிக்கொண்டிருந்தவர் மிஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். சாயா வரவழைத்தார். தாள் விஷயம் அவர் வீட்டுக்குத் தெரியுமா என்று கேட்டேன். யாரிடமும் சொல்லவில்லை என்றார். எனக்காக ஏன் பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். எனக்கு அழுகை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் நான் எதிர்பார்த்தது போல இளகவில்லை.

"உங்களுக்காவன்னு யாரு சொன்னா? தாள்ல எழுதியாச்சுல்லான்னு நான் சத்தம் குடுக்காம நின்னேன். எழுதிட்டா போதுமா? அங்க ஆளு நிக்காளா இல்லையான்னு தாளு பாக்குமா? அது என் பங்கு. அத நான் சொல்லிட்டேன். உங்க பங்க நீங்க சொல்லுவீயன்னு பாத்தேன். சொல்லல. இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல, எங்கிட்ட வந்து சொல்லுதத அந்தப் பிள்ளகிட்டப் போய்ச் சொல்லுங்க."

சரி என்றேன். சாயாவைக் குடித்தேன். சயான் வரை பஸ்ஸில் வந்து, ஆட்டோ பிடித்து அலுவலகம் போய்ச் சேர்ந்தேன். ரேவதியிடம் போகவில்லை. கண் ஆறட்டும் என்று கொஞ்ச நாள். பள்ளித் தேர்வு முடியட்டும் என்று கொஞ்ச நாள். பிறகு காரணம் தேடுவதும் நின்றுவிட்டது. அண்ணாச்சி மறுபடி எனக்குப் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குப் போனேன். சந்தில் நடக்க இடமில்லை, அவ்வளவு கூட்டம். நம் குழுவிலிருந்து நானும் வெங்கடேஷும் மட்டும்தான். பேச்சியம்மா அழுகையை நிறுத்தி என்னை ஏறிட்டுப் பார்த்துக் கேட்டார்:

"மேடம், அந்தக் காட்டு வெளையாட்டுக்கு அவுகள ஏன் கூப்புடாம விட்டுட்டீய? ஞாயித்துக்கெழம ஆச்சின்னா சட்டயப் போட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்திருப்பாக. கேட்டா சும்மாதான்னுவாக."

வெங்கடேஷ் என் பக்கத்தில் நின்று, தப்பு நடந்துவிட்டது, அதை இப்போது பேச வேண்டாம் என்று மெல்லச் சொன்னார். நான் அப்போதும் சொல்லவில்லை. இறந்த வீட்டில் வைத்துச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். காரணம் கண்டுபிடிப்பதில் எனக்கு இருக்கும் கெட்டிக்காரத்தனம் என் அலுவலகத்துக்கு இழப்பீடு கேட்டு மனு எழுதும் யாருக்கும் கிடையாது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு விக்ரோலிக்குப் போனேன். ரேவதி கதவைத் திறந்ததும், உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை தாள் கைக்கு வந்தது, சனிக்கிழமை தெரிந்தே பழைய படத்தை அனுப்பியது, டீக்கடை, மருத்துவமனை வராந்தா, பட்டறை எல்லாவற்றையும் வரிசையாக. தாளையும் எடுத்து நீட்டினேன். அதை நான் கிழிக்கவில்லை, தூக்கி எறியவும் இல்லை. ஏன் என்று எனக்கே தெரியாது.

ரேவதி தலையைச் சாய்த்து, வலது கண்ணுக்கு நேரே தாளைப் பிடித்து, சிவப்பு எழுத்தைப் படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"அவர் இங்க மூணு தடவை வந்தார்" என்றார். "சாத்துக்குடி வாங்கிட்டு. நான் உள்ள இருந்துக்கிட்டே, ஆள் இல்லைன்னு அம்மாவைச் சொல்லச் சொன்னேன். மூணாவது தடவை பையை வாசல்ல வச்சிட்டுப் போயிட்டார். அதை எடுத்துக் குப்பையில போடச் சொன்னேன். அவர் படியிறங்கிப் போறது ஜன்னல் வழியாத் தெரிஞ்சது. கேட்டிருக்கும்."

நான் மன்னிப்புக் கேட்டேன்.

"உங்களை மன்னிக்கிறது பெரிய விஷயமில்லை மேடம். கண்ணு போனது போனதுதான், அது எனக்குப் பழகிடுச்சு. நான் போட்ட அந்தப் பையை இப்ப யார்கிட்டப் போய் எடுத்துத் தரச் சொல்றது? சொல்லுங்க."

களத்தின் வாசலில் அண்ணாச்சியின் வரைபடம் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று வெங்கடேஷ் குழுவில் எழுதியிருந்தார். இந்தத் தாளை அதற்குக் கொடுக்கலாமா, இல்லை உங்களிடமே இருக்கட்டுமா என்று ரேவதியைக் கேட்டேன். அவர் தாளை அது இருந்த மடிப்பிலேயே மடித்தார். என் கையைப் பிடித்து இழுத்து உள்ளங்கையில் வைத்தார்.

"ரெண்டும் வேண்டாம். நீங்களே வச்சுக்கோங்க."

வைத்திருக்கிறேன்.